கல்யாணப் பத்திரிகையும் கடைசிக் கேள்வியும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், லிப்டுக்குப் பயம், டாக்டர்கள் குரலை உயர்த்தினால் பயம். மனநலப் பிரிவில் ஆலோசகராக இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினாய் என்று என் தங்கை இன்னும் கேலி செய்கிறாள். பயந்துகொண்டேதான் கொட்டினேன் என்று சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் நேரம் கெட்ட நேரத்தில் போன் அடித்தால் நெஞ்சு ஒரு தடவை திக்கென்று நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடுகிறது. இந்த வேலை எனக்குக் கொடுத்து அனுப்பிய சீதனம் அது.

உங்களில் சிலர் நல்ல தைரியசாலிகள் என்று பார்த்தாலே தெரிகிறது. நல்லது. ஆனால் கொஞ்சம் பயத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று சொல்லத்தான் வந்தேன்.

நான் வேலை பார்த்தது பல்லடம் பக்கம் ஒரு மருத்துவமனையில். பெயர் வேண்டாம். மனநலப் பிரிவு என்று பலகை மாட்டினால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் அந்தத் தாழ்வாரத்தில் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்கள். அதனால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஓபிக்கு வருகிறவர்களிடமே மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. தறிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், தோட்டத்துக்காரர்கள் என்று காலையில் வரிசை நிற்கும். பிரஷர் பார்க்கும் நர்ஸ் ஒன்பது கேள்வி கேட்பார். போன ரெண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, அசதி உண்டா, எதிலாவது மனம் ஒட்டுகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஆள் என் அறைக்கு வருவார். தாண்டாவிட்டால் வீட்டுக்குப் போவார். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதில் ஒரு மார்க் விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், என்னிடம் அனுப்ப வேண்டும்.

இப்போது உங்கள் கையில் தொடுதிரை டேப் இருக்கிறது. தொட்டதும் அதுவே கூட்டிப் பச்சை, சிவப்பு காட்டிவிடுகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தாளும் பேனாவும்.

இந்தக் கேள்வித்தாள் இரண்டு விதமாகத் தப்பு செய்யும். நோய் இல்லாதவரைப் பிடித்து உள்ளே தள்ளும், நோய் இருப்பவருக்குப் பச்சை காட்டி வெளியே அனுப்பும். பயிற்சி வகுப்பில் இரண்டுக்கும் பெயர் சொல்லி, சதவீதக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கு மறந்துபோனாலும் பரவாயில்லை, இரண்டாலும் ஏதோ ஒரு வீடு உடையும் என்பதை மறக்காதீர்கள்.

முதல் வகைத் தப்பில் நான் பார்த்தது ஒரு புதுப்பெண். இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறவள். தூக்கமில்லை, அசதி, பசியில்லை, எதிலும் மனம் ஓடவில்லை என்று கேட்டதற்கெல்லாம் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். மார்க் ஏறிவிட்டது. மாமியார் கூட நிற்கும்போதே என் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். சோதித்துப் பார்த்தால் உடம்பில் ரத்தம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சத்து மாத்திரையில் தேறிவிட்டாள். ஆனால் அதற்குள் மெண்டல் டாக்டர் ரூமுக்குப் போனவள் என்று ஊருக்குள் பேச்சு பரவி, அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் செய்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் சொல்லப்போகும் நாளில் அந்தப் பெண்ணின் நினைப்புதான் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தது.

அவரைச் சென்னியப்பன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. ஐம்பது தாண்டிய வயது. கோழிப்பண்ணை வைத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை, மனைவிக்குச் சர்க்கரையும் பிரஷரும். மாதம் தவறாமல் ஜோடியாக வருவார்கள். வாட்ச்மேனிலிருந்து டாக்டர் வரை எல்லோரையும் சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். நர்ஸுகளுக்கு முருங்கைக்காய் கொண்டுவருவார். எங்கள் இடத்தில் அவரைப் பிடிக்காதவர் யாருமில்லை. அன்றைக்கு அவர் மட்டும் தனியாக வந்துவிட்டுப் போயிருந்தார்.

ஓபி முடிந்ததும் வீட்டுக்குப் போனவர்களின் தாள்களையும் ஒரு தடவை புரட்டுவது என் வழக்கம். விதிப்படி எனக்கு அந்த வேலை இல்லை. அளவைத் தாண்டாத தாள் கோப்புக்குப் போகவேண்டியது. குப்பையைக் கிளறாவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது என்று பிரஷர் அறை நர்ஸ் மரகதம் கிண்டல் செய்வாள். அப்படிக் கிளறும்போதுதான் சென்னியப்பனின் தாள் வந்தது. ஒன்பதுக்கும் சைபர்.

நல்லது என்றுதானே தோன்ற வேண்டும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளின் மூலையில் அன்றைய சர்க்கரை அளவு எழுதியிருந்தது. கண்டபடி ஏறியிருந்தது. எடையும் போன தடவையைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அவ்வளவு சர்க்கரை இருக்கிறவர் ராத்திரி எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போயிருப்பார். அவருக்குத் தூக்கத்தில் சைபர் எப்படி வரும்? அசதியில் எப்படி வரும்? மனசில் ஒரு குறையும் இல்லாத சர்க்கரைக்காரர் தாளில்கூட அங்கே ஒன்று, இங்கே ரெண்டு என்று விழுந்திருக்கும். இது ஒன்றும் அவர் சொன்ன பதில் மாதிரியே இல்லை. யாரும் எதையும் கேட்காத தாள் மாதிரி இருந்தது.

மரகதத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் மஞ்சப்பையோடு வந்தாராம். மூத்த மகளுக்குக் கல்யாணம், அடுத்த வாரம். மஞ்சள் தடவிய பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, குடும்பத்தோடு முன்தினமே வந்துவிட வேண்டும் என்று சொன்னாராம். தூக்கமெல்லாம் நல்லாத்தானுங்களே என்று இவள் கேட்டிருக்கிறாள். நல்லாத்தானுங்க என்றிருக்கிறார். கல்யாண மண்டபம், மாப்பிள்ளை, சமையல்காரர் என்று பேச்சு போயிருக்கிறது. பேசிக்கொண்டே மிச்சத்துக்கும் சைபரைப் போட்டுவிட்டாள்.

கடைசிக் கேள்வியையாவது கேட்டாயா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பத்திரிக்கையக் கையில வாங்கிட்டு, சாகோணும்னு தோணுதுங்களான்னு எப்பிடிக்கா கேக்கறது? வாய் வருமுங்களா?"

என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. பத்திரிகையோடு வந்து நிற்பவர் முன்னால் எங்கள் பக்கம் யாரும் அமங்கலமாக ஒரு வார்த்தை பேச மாட்டோம். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சீரியஸாகக் கிடந்தாலும் அதை மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் பத்திரிகையை வாங்கி வைத்து, காபி கொடுத்துத்தான் அனுப்புவோம். மரகதம் செய்தது மரியாதை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் நாக்கு எழுந்திருக்காது. எனக்குப் பயம் கூடியதற்குக் காரணமே அதுதான். மரியாதை தெரிந்த யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தாளை எடுத்துக்கொண்டு ஓபி டாக்டரிடம் போனேன். இளவயது, கோயமுத்தூர்க்காரர், நல்ல டாக்டர். அவர் மேசையிலும் அதே பத்திரிகை இருந்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மார்க் சைபர், ஆள் சிரித்துக்கொண்டு போனார், உங்களிடம் வேறென்ன இருக்கிறது என்றார். என்னிடம் பயம்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு ஓபில சைபர் வாங்கினவங்க எத்தனை பேருங்க மேடம்? அத்தனை பேரையும் தொரத்திட்டுப் போவீங்களா? அதுவும் கல்யாண வீடு. நீங்க எந்த ரூம்லருந்து போன் பண்றீங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

அவர் சொன்ன இரண்டும் சரி. அடுத்த மாதம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. சர்க்கரை ஏன் அப்படி ஏறியது என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது. மாத்திரையை ஒழுங்காக வாங்குகிறாரா என்று கேட்டுவிட்டு வரலாம் என்று மருந்துக் கவுண்டருக்குப் போனேன்.

கவுண்டரில் ஜாபர் இருந்தான். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பையன், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் மாத்திரையும் மனப்பாடம். அவர் மாத்திரை வாங்கினாரா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வீட்டம்மாவுக்கு மட்டும் வாங்கிட்டுப் போனாருக்கா. எப்பவும் ஒரு மாசத்துக்குத்தான் வாங்குவாரு, இன்னிக்கு மூணு மாசத்துக்குக் கேட்டாரு. ஒவ்வொரு கவர் மேலயும் காலைல எது, ராத்திரி எதுன்னு பெரிய எழுத்தா எழுதச் சொன்னாரு. இத்தன நாள் நான்தான் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன், இனி அவளா பாத்து எடுத்துக்கோணும்னாரு. அவருக்கு வேண்டாமாம். ஊட்ல கெடக்குதுன்னுட்டாரு."

கல்யாண வேலையாக அலைகிறார், அதனால்தான் மொத்தமாக வாங்குகிறார் என்று அவன் நினைத்திருக்கிறான். அப்படியும் இருக்கலாம். ஆனால் என் காதில் நின்றது ‘இனி அவளா’ என்ற வார்த்தைதான். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் என் மனசு போன போக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் அங்கே நிற்பீர்கள். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொல்லலாமா? கல்யாண வீட்டில் சொந்தக்காரர் யாராவது போனை எடுத்தால் அந்தத் தறிக்காரப் பெண்ணின் கதைதான் மறுபடி நடக்கும். என் சந்தேகம் பொய்யாக இருந்து கல்யாணம் நின்றுபோனால் அவர் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பேசாமல் இருந்துவிட்டு என் சந்தேகம் மெய்யாகப் போனால்? ரத்தப் பரிசோதனையில் தப்பு, மறுபடி வாருங்கள் என்று ஒரு பொய் சொல்லிக் கூப்பிடலாம் என்றாள், என் பின்னாலேயே வந்திருந்த மரகதம். பொய் சொல்லி வரவழைத்துவிட்டு அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் எப்படிக் கேட்பது?

அப்போதுதான் மரகதத்தின் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தேன். பிரஷர் அறைக்கு வைத்திருந்தார், டாக்டருக்கு வைத்திருந்தார், ஜாபருக்கும் வைத்திருந்தார். தாழ்வாரக் கடைசியில் இருக்கும் என் அறைக்கு மட்டும் வைக்கவில்லை. பத்திரிகை வைக்காமல் விட்டதற்காகப் பங்காளிகள் தலைமுறைக்கும் பேசாமல் போன குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. சென்னியப்பன் மாதிரி ஆளிடம் அந்தக் குறையைச் சொன்னால் எந்த ஊரில் இருந்தாலும் திரும்பி வருவார். அதோடு அது பொய்யுமில்லை.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே, ஏனுங்க, யாருங்க என்றார்.

"ஆஸ்பத்திரில கடைசி ரூம் வசந்தா பேசறனுங்க. ஊருக்கெல்லாம் பத்திரிக்கை வெச்சீங்க, என்னை மட்டும் தாண்டிப் போயிட்டீங்களே. நான் என்னங்க ஆகாதவளா?"

அவர் பதறிப்போய்ப் பேசினார். தப்பாகிவிட்டது, மன்னித்துக்கொள்ள வேண்டும், உடுமலை ரோட்டில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு நேரில் வந்து வைத்துவிடுகிறேன் என்றார். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன் என்றேன். குரல் நடுங்கியதை என்னால் மறைக்க முடியவில்லை. அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"சரிங்க அம்மணி. பொழுது சாய வாரனுங்க" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் கோயமுத்தூரிலிருந்து வரும் எங்கள் மனநல டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வந்ததும் தனியாக விடாதே, உடனே என்னைக் கூப்பிடு என்றார். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மத்தியானத்தை நான் பார்த்ததில்லை. ஓபி ஹாலைக் கழுவிவிட்டார்கள். கூட்டம் வடிந்தது. அவர் மொபெட்டில் வருகிறவர், அதனால் வாசலில் எந்த மொபெட் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். லாரிகள் போகும் ரோட்டில் ஒரு மனிதர் மொபெட்டில் வருகிறார், அவர் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, அவரை நான்தான் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன். நான் கூப்பிட்டதே அவரைக் கலக்கிவிட்டதோ என்று தோன்றியது. ஷிப்டு முடிந்தும் மரகதம் வீட்டுக்குப் போகவில்லை. நான் கேட்டிருந்தா, நான் கேட்டிருந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிட்டு உக்காரு கண்ணு, ரெண்டு பேர் அழறதுக்கு இங்க எடமில்ல என்றேன்.

நான்கு மணி வாக்கில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு உள்ளே வந்தது. மொபெட்டில் வந்தவராம், லாரி இடித்துவிட்டதாம் என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அவசரப் பிரிவு வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தது வேறொருவர், சின்ன வயது, காலில்தான் அடி. அந்தப் பையன் வலியில் கத்திக்கொண்டிருந்தான். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அப்படி விட்டதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்போது சென்னியப்பன் வந்தார். வெறுங்கையாக வரவில்லை. வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் புதிதாக வாங்கி, பிரஷர் அறையில் ஒரு தட்டை வாங்கி, அதில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி, மறந்துபோட்டேன் என்றார். நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பொண்ணு பேர் என்ன, மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை என்று முறையாக விசாரித்தேன். சத்தியமங்கலம் பக்கம், நல்ல குடும்பமுங்க என்றார். எல்லாவற்றுக்கும் சிரித்தபடி, நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். எனக்கு அந்த ஒன்பது சைபரும் உண்மைதானோ என்று தோன்றிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த பயங்களிலேயே பெரிய பயம் அதுதான். இவ்வளவு மலர்ச்சியாக நிற்கிற மனிதரிடம், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தவரிடம், நான் கேட்கப்போகிற வார்த்தையைக் கேட்டுவிட்டு, அது வெறும் பிரமை என்று ஆகிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

தட்டை மரகதத்திடம் கொடுத்து, பிரஷர் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பத்திரிகை அங்கே இருக்கும்வரை எனக்கும் வாய் வராது. அவள் போனதும் கதவைச் சாத்தினேன். அவரை உட்காரச் சொல்லி நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் கேக்கறது தப்பா இருந்தா என்னைத் திட்டிப்போட்டுப் போங்க. செத்துப்போயிட்டாத் தேவலைன்னோ, உசுர முடிச்சுக்கலாம்னோ உங்களுக்கு நெனப்பு வருதுங்களா?"

அவர் கோபப்படவில்லை. சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்லப் போய்விட்டது. அது போன பிறகு இருந்த முகத்தை அதற்கு முன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"கல்யாணம் முடியட்டும்னு இருக்கறனுங்க" என்றார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவராகவே பேசினார். கஷ்டம் என்று ஒன்றுமில்லையாம். பண்ணை நன்றாகத்தான் ஓடுகிறதாம். விடிந்து கண் விழித்தால் ஏன் விடிந்தது என்றுதான் இருக்கிறதாம். ஆறு மாதமாக அப்படித்தானாம். சோறு மண் மாதிரி இருக்கிறது, சிரிப்பது மட்டும் பழக்கத்தில் வந்துவிடுகிறது என்றார். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதையெல்லாம் யாரிடம் பேசுவது என்று கேட்டார்.

காலையில் மரகதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றேன். அவர் சொன்ன பதிலை நீங்கள் மறக்கவே கூடாது.

"போன தடவ வந்தப்ப அந்தக் கடைசிக் கேள்வியக் கேட்டாங்கங்க. அப்ப இல்லைன்னுபோட்டேன். இன்னைக்கும் கேப்பாங்க, கேட்டாச் சொல்லிப்போடலாம்னுதான் உக்காந்திருந்தேன். சிஸ்டர் கேக்கலீங்க. சரி, அவ்வளவுதான்னு எந்திரிச்சு மாத்திர வாங்கப் போயிட்டேன்."

டேப்பில் கடைசிக் கேள்வியைத் தாண்டவே முடியாது, பதில் போடாமல் அடுத்த பக்கம் வராது என்று உங்கள் மேலதிகாரி பெருமையாகச் சொன்னார். தாண்ட வேண்டியதில்லையே, கேட்காமலே சைபரைத் தொட்டால் போதும். அது நம்பிவிடும், பச்சையும் காட்டிவிடும். நாம் கேட்டால் அந்த எண்ணம் இல்லாதவருக்கும் வந்துவிடுமோ என்று உங்களில் ஒருவர் காலையில் கேட்டீர்கள். வராது. ஏற்கெனவே வந்திருக்கிறவர் நாம் கேட்கமாட்டோமா என்று உட்கார்ந்திருப்பார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல டாக்டர் போனிலேயே அவரோடு வெகுநேரம் பேசினார். வீட்டில் யாருக்குச் சொல்லலாம் என்று அவரையே கேட்டோம். மனைவிக்கும் மச்சானுக்கும் என்றார். இருவரும் காரில் வந்தார்கள். அந்த அம்மா அழுது கூப்பாடு போடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு வாரமா மோட்டார் போடறது எப்பிடி, கரண்டு போனா என்ன பண்றதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்துட்டே இருந்தாருங்க. அப்பவே பயமாத்தான் இருந்துச்சு. கல்யாண ஊட்ல என்னத்தக் கேக்கறதுன்னு உட்டுப்போட்டேன்."

மரகதத்தைக் கட்டிப்போட்ட அதே மரியாதை இந்த அம்மாவையும் கட்டிப்போட்டிருந்தது. அன்றிரவே தோட்டத்துப் பூச்சிமருந்துகள் இருக்கும் அறையின் சாவி மச்சான் கைக்குப் போனது. அவர் அங்கேயே தங்கிக்கொண்டார். கல்யாண வேலை என்ற சாக்கில் சென்னியப்பனைத் தனியாக விடவே இல்லை. மறுநாள் டாக்டர் நேரில் பார்த்து மருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் சம்பந்திக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான். அதுவும் உண்மைதான்.

கல்யாணத்துக்கு நானும் மரகதமும் போனோம். எல்லோரும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் பெண்ணின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தியில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தாலி ஏறும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டு போட்டதில் கையிலிருந்த அரிசி பாதிக்குமேல் கீழேயே கொட்டிவிட்டது. கல்யாணம் முடியட்டும் என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. இப்போது முடிந்துவிட்டதே.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த அம்மாவுக்குப் போன் செய்வேன். அவர் போனை எடுத்ததும் ஹலோ சொல்லமாட்டார். இருக்காருங்க என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் அந்த அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வரிசையும் பாதி கரைந்துவிட்டது. ஜோடியாக வரும் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. கடைசியில் மரகதம் ஓடி வந்தாள், கையில் ஒரு தாள். பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டதாம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்களாம்.

தாளைப் பார்த்தேன். ரெண்டும் மூணுமாக இருந்தது. கூட்டுத்தொகை அளவைத் தாண்டி எங்கேயோ நின்றது. கடைசிக் கேள்வியில் ஒன்று. ஒன்பது கேள்வியையும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, அந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன் என்றாள் மரகதம். எண்ணம் இன்னும் வருகிறதாம், முன்பு மாதிரி தினமும் இல்லையாம். அவ்வளவு மோசமான மார்க்கைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதேன். அது அவர் சொன்ன பதில்.

டாக்டர் பார்த்து முடித்ததும் இருவரும் மருந்துக் கவுண்டருக்குப் போனார்கள். நான் பயம் போகாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜாபர் அந்த அம்மாவின் சீட்டை வாங்கிக்கொண்டு, எத்தனை நாளைக்கு வேண்டும் என்று கேட்டான். சென்னியப்பன் தன் சீட்டையும் எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு மாசத்துக்குக் குடுங்க பாய். தீந்தா வந்து வாங்கிக்கறோம்."